த்ரெடிங் செய்தால் முகத்து முடி தடிக்குமா? எந்த முடிக்கு எந்த முறை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருபத்தேழு வயது. நான்கு ஆண்டுகளாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்லருக்குப் போய்ப் புருவம், மேலுதடு, மோவாய் மூன்றுக்கும் த்ரெடிங் செய்துகொள்கிறீர்கள். மேலுதட்டில் இன்னும் பூனைமுடிதான் இருக்கிறது. மோவாயில் மட்டும் கறுத்துத் தடித்த முடிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. நான்கு மாதத்தில் திருமணம். முழு முகத்துக்கும் வேக்ஸிங் செய்துவிடலாம் என்று பார்லரில் சொல்கிறார்கள், லேசருக்குப் போ என்று தோழி சொல்கிறார், ரேசரைத் தொட்டால் தாடியே வளர்ந்துவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். இவற்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருப்பது முறைகளின் ஒப்பீடுதான் என்றாலும், நூல் போட்டு நானே இதை வரவழைத்துக்கொண்டேனோ என்ற கவலை அதன் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. தோல் மருத்துவராகப் பல ஆண்டுகளாக இதே கவலையோடு வரும் பெண்களைப் பார்த்துவருவதால் இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. முடியைப் பற்றியும் முறைகளைப் பற்றியும் மட்டுமே இங்கே பேச முடியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். த்ரெடிங் செய்வதால் பூனைமுடி கறுத்த முடியாக மாறுவதில்லை. மயிர்க்கால்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அவற்றின் எண்ணிக்கையை நூலோ மெழுகோ கூட்ட முடியாது. பெண்களின் முகத்திலும் ஆண்களின் முகத்தைப் போலவே எங்கும் மயிர்க்கால்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை 0.03 மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனும் மிகக் குறைந்த நிறமும் கொண்ட பூனைமுடியை வளர்ப்பதால் அவை கண்ணில் படுவதில்லை. பெண்ணின் சினையகங்களும் அட்ரீனல் சுரப்பிகளும் சிறிதளவு சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன்கள், மேலுதடு, மோவாய், தாடை ஓரம், கழுத்து ஆகிய இடங்களில் உள்ள மயிர்க்கால்களைத் தொடர்ந்து தூண்டும்போது, முன்பு பூனைமுடி முளைத்த அதே மயிர்க்காலிலிருந்து தடித்துக் கறுத்த முடி வரத் தொடங்குகிறது. ஹார்மோன் அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும், அதற்கு மயிர்க்கால் எவ்வளவு எளிதில் இணங்கும் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒருமுறை தடித்த முடியை வளர்க்கத் தொடங்கிய மயிர்க்கால், தூண்டுதல் நின்ற பிறகும் எளிதில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. உங்கள் மேலுதட்டிலும் மோவாயிலும் ஒரே கைதான், ஒரே நூல்தான், ஒரே இடைவெளியில்தான் வேலை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் மோவாயில் மட்டும் முடி மாறியிருக்கிறது என்பதிலிருந்தே காரணம் நூலில் இல்லை என்று ஊகிக்கலாம்.

பார்லருக்குப் போய் வந்த ஒரு வாரத்திலேயே மீண்டும் முடி தெரிவதும் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம். முகத்து முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. மேலுதட்டு முடி ஏறத்தாழ நான்கு மாதம் வளர்ந்து ஒன்றரை மாதம் ஓய்கிறது. மோவாய் முடியின் வளர்ச்சிப் பருவம் ஓராண்டு வரை நீளும். புருவ முடி ஒன்றிரண்டு மாதமே வளர்ந்து அதைவிட நீண்ட காலம் ஓய்ந்திருக்கும். இன்று நூலில் சிக்கியவை தோலுக்கு வெளியே வந்திருந்த முடிகள் மட்டுமே. அடியில் வளர்ந்துகொண்டிருந்தவை நாளொன்றுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவில் மேலேறி, சில நாளில் தலைகாட்டுகின்றன. போனது திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வந்திருப்பது அதன் அண்டைவீட்டு முடி.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஓய்வில் இருக்கும் முடியைப் பிடுங்கினால் அந்த மயிர்க்கால் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக அடுத்த வளர்ச்சியைத் தொடங்கக்கூடும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் முதுகில் குறிப்பிட்ட நெருக்கத்தில் முடிகளைப் பிடுங்கியபோது, பிடுங்கப்படாத அண்டை மயிர்க்கால்களும் சேர்ந்து விழித்துக்கொண்டன. இதைக் காட்டி, பிடுங்கினால் முடி பெருகும் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். அங்கே நடந்தது, இருந்த மயிர்க்கால்கள் ஒன்றாக விழித்ததே ஒழிய, புதிய மயிர்க்கால்கள் பிறந்ததோ பூனைமுடி தடித்ததோ அல்ல. எலியின் முதுகிலிருந்து மனித முகத்துக்கு நேராகத் தாவவும் கூடாது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு நம்பிக்கை உண்டு: பல ஆண்டு நூல் போட்டால் முடி குறைந்துவிடும் என்பது. ஆண்டுக்கணக்கில் மிக மெல்லியதாகப் புருவத்தை எடுத்துவந்த சிலருக்குப் பிறகு அது முழுதாக முளைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஹார்மோன் தூண்டுதல் தொடர்கிற மோவாயில் அந்தப் பலனை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

ஆகவே மோவாயில் வரும் முடிக்குக் காரணத்தைத் தேடிய பிறகே அதை அகற்றும் முறையைத் தேட வேண்டும். மாதவிடாய் முப்பத்தைந்து நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா, தாடை ஓரத்தில் ஆழமான பருக்கள் வருகின்றனவா, உச்சந்தலை வகிடு அகலமாகிறதா, கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருக்கின்றனவா, அண்மையில் எடை கூடியதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும், பி.சி.ஓ.டி. என்று பரவலாக அறியப்படும் சினையகப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவுமே இல்லாமல், மாதவிடாய் ஒழுங்காக இருந்து, ஹார்மோன் அளவும் சரியாக இருந்து, முடி மட்டும் வருகிற பெண்களும் உண்டு. அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறைபாடு ஒன்று மிதமான வடிவில் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால் 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்ட்ரோன் என்ற அளவையும் டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காலையில் இரத்தம் கொடுப்பது நல்லது. சில மாதங்களுக்குள்ளேயே வேகமாக முடி பெருகி, குரலும் கனத்தால் மட்டும் நாள் கடத்தக் கூடாது. அரிதாக அது கட்டியின் அறிகுறியாக இருக்கலாம்.

இன்னொரு காரணத்தைப் பெண்கள் தாமாகச் சொல்வதே இல்லை. கேட்டால்தான் வெளியே வருகிறது. முகம் வெளுக்கவும் மங்கு மறையவும் மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகள் இவை என்றாலும், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், பார்லரில் கொடுத்தார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள். இவற்றைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், கன்னத்தில் சிவந்த நுண் இரத்தக்குழாய்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், கன்னத்திலும் தாடையிலும் முடி வளரும். அப்படி மெலிந்த தோலில் நூலை ஓட்டினால் கிழியும். மெழுகை ஒட்டி இழுத்தால் தோலே உரிந்து வரும். நீங்கள் அத்தகைய களிம்பு எதையும் பூசுவதாக எழுதவில்லை. ஆனாலும் முகத்துக்குப் பூசும் எல்லா டியூபுகளின் பெயர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் நிறுத்துவதையும் மருத்துவர் சொற்படிதான் செய்ய வேண்டும்.

இப்போது முறைகளுக்கு வருகிறேன். நூல் முறை மிகப் பழையது. ஈரானில் திருமணத்துக்கு முன் மணமகளின் முகத்துக்கு முதன்முதலாக நூல் போடுவதே ஒரு சடங்காக இருந்திருக்கிறது; தென்சீனத்திலும் தைவானிலும் முகத்தில் வெள்ளைப் பொடி பூசி நூலால் முடி எடுக்கும் வழக்கம் மணமகளோடு இணைந்தே வளர்ந்தது. நம் பாட்டிமார் கையில் இருந்தவை மஞ்சளும் பயற்றமாவும். நூல் பார்லரோடு வந்தது. பருத்தித் தையல் நூலைச் சில சுற்று முறுக்கி, ஒரு முனையை வாயிலோ கழுத்திலோ மாட்டி, இரு கைகளாலும் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடும்போது முறுக்கு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடுகிறது. ஓடுகிற முறுக்குக்குள் சிக்கும் முடிகள் வரிசையாக வேரோடு வந்துவிடுகின்றன. இதில் சூடில்லை, வேதிப்பொருளில்லை, தோலின் மேற்படலத்துக்குச் சேதம் மிகக் குறைவு. பருவுக்கு ட்ரெட்டினாயின் போன்ற களிம்பு பூசுபவர்களுக்கு மெழுகைவிட நூல் எவ்வளவோ பாதுகாப்பானது. மெழுகிலும் சாமணத்திலும் கிடைக்காத துல்லியமான கோடு புருவத்துக்கு இதில் கிடைக்கிறது. புருவத்துக்கு லேசர் செய்யவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புருவ எலும்புக்குக் கீழே லேசர் அடித்துக் கருவிழிப் படலமும் கண் வில்லையும் சேதமான நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே புருவத்துக்கு நூலே போதும், வேறெதையும் தேட வேண்டியதில்லை. மேலுதட்டுப் பூனைமுடிக்கும் அது ஏற்றதே. கண்ணில் நீர் வருவதும் சிலருக்குத் தும்மல் வருவதும் அங்கே உள்ள முக்கிளை நரம்பின் வேலை, அஞ்ச வேண்டியதில்லை.

நூலால் வரும் தீங்குகளில் பெரும்பாலானவை போடுகிற முறையால் வருபவை. ஒரு முனையை வாயில் கடித்துக்கொண்டு, அதே நூலை எச்சிலோடு அடுத்தவர் முகத்துக்குக் கொண்டுபோவதை இன்றும் பார்க்கலாம். நூல் தோலில் நுண்ணிய காயங்களை உண்டாக்குகிறது. அந்தக் காயங்கள் வழியே கிருமி நுழைந்தால் சீழ்க் கொப்புளங்களும், தட்டை மருக்களும், மொலஸ்கம் எனப்படும் முத்துப் போன்ற கட்டிகளும் பரவுகின்றன. மேலுதட்டுக்கு மேலும் புருவத்துக்குக் கீழும் நேர்க்கோட்டில் வரிசையாக மரு முளைத்து வருபவரைப் பார்த்தால், நூல் ஓடிய தடம் அது என்று கேட்காமலே தெரிந்துவிடும். அதனால் உங்கள் கண்முன்னே புது நூலை எடுக்கச் சொல்லுங்கள்; முனையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்; முகத்தில் மருவோ, சீழ்ப்பருவோ, உதட்டுக் கொப்புளமோ இருக்கும் நாளில் போகாதீர்கள். வெண்புள்ளி, காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்) ஆகிய நோய்கள் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்ட தடத்திலேயே நோய் புதிதாகத் தோன்றும் இயல்பு உண்டு. அவர்கள் நூலையும் மெழுகையும் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. நூல் போட்ட கையோடு பிளீச் செய்வது பல பார்லர்களில் வழக்கமாக இருக்கிறது. அப்போதுதான் முடி பிடுங்கப்பட்ட துளைகளில் அம்மோனியாவும் பெராக்சைடும் இறங்கினால் எரிச்சலும், அதன்பின் கறுப்பும் வராமல் என்ன செய்யும்?

மோவாய்க்குத்தான் நூல் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. அங்கே வரும் முடி தடித்தது, ஆழமான வேர் கொண்டது, திசைக்கொன்றாகச் சாய்ந்து வளர்வது. நூல் இழுக்கும்போது அது முழுதாக வராமல் தோலுக்குச் சற்றுக் கீழே முறிந்துபோகிறது. முறிந்த கூரிய முனை வளரும்போது வெளியே வரத் தெரியாமல் பக்கவாட்டில் தோலைத் துளைத்து உள்ளேயே வளர்கிறது. அதைச் சுற்றிச் சிவந்த முடிச்சு, பிறகு சீழ், கடைசியில் கருந்தழும்பு. நம் மாநிறத் தோலில் ஒவ்வொரு சிறு அழற்சியும் மாதக்கணக்கில் கறையாக நிற்கும். மோவாய் கறுத்துவிட்டது என்று வருகிற பலரிடம் அந்தக் கறுப்பில் பாதி, முடியால் வந்ததல்ல, முடியை எடுத்த விதத்தால் வந்தது. கண்ணாடி முன் நின்று சாமணத்தால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாகும்.

அம்மா அஞ்சுகிற ரேசரைத்தான் மோவாய்க்கு இடைக்கால வழியாக நான் பரிந்துரைக்கிறேன். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே சோதிக்கப்பட்ட நம்பிக்கை. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-இல் ஆண்களின் முகச்சவரத்தை அளந்து ஆராய்ந்து, முடியின் பருமனோ வளரும் வேகமோ கூடவில்லை என்று கண்டார். 1970-இல் சிலருடைய ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதம் சவரம் செய்து மறு காலோடு ஒப்பிட்டவர்களும் அதையே கண்டார்கள். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூராக மெலிந்திருக்கும். வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் தொட்டால் சொரசொரப்பாகவும் பார்த்தால் தடிப்பாகவும் தோன்றுகிறது, அவ்வளவே. மகனுக்கு மீசை அரும்பும் வயதில் சவரம் தொடங்குகிறது, முடியும் அந்த வயதில்தான் தடிக்கிறது. இரண்டையும் முடிச்சுப்போட்டு இந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. முகத்துக்கென்று விற்கும் ஒற்றைத் தகடு ரேசரை, ஈரமான முகத்தில் சோப்பு நுரையோ கற்றாழைக் களிம்போ தடவி, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல் ஓட்டுங்கள். உங்கள் ரேசரை வேறு யாருக்கும் தராதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும் என்பதும், முளைக்கும்போது கையில் உறுத்தும் என்பதும் இதன் குறைகள். பெண் முகச்சவரம் செய்வதா என்ற கூச்சம் பலருக்கு அதைவிடப் பெரிய தடை. அதற்கு மருத்துவத்தில் பதிலில்லை. குளியலறைக்குள் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை என்பதை மட்டும் சொல்லலாம்.

முழு முக வேக்ஸிங்கைப் பொறுத்தவரை என் பதில் நேரடியானது: வேண்டாம். மெழுகு முடியோடு தோலின் இறந்த மேற்படலத்தையும் சேர்த்து உரிக்கிறது. கால் தோலுக்கு அது பொருட்டல்ல. முகத்தில் வெப்பம் சற்று மிஞ்சினாலும் கொப்புளம், கொப்புளத்துக்குப் பின் கறுப்பு. மெழுகில் சேர்க்கும் பைன் மரப் பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன் ஆகியவற்றில் ஒன்றைப் பூசுபவர்கள் முகத்தில் மெழுகு வைக்கக்கூடாது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், நிறுத்திய பிறகும் ஆறு மாதம் வரை தவிர்க்க வேண்டும். உங்கள் கன்னத்திலும் நெற்றியிலும் இருப்பது எல்லாருக்கும் இருக்கும் பூனைமுடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை எதற்காக எடுக்க வேண்டும் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. மேக்கப் படியாது என்று சொல்லி விற்கிறார்கள். மணநாளுக்கு மட்டும் அது வேண்டுமென்றால் மேற்சொன்ன ரேசரே போதும்.

முடி நீக்கும் களிம்புகளில் இருப்பது தயோகிளைக்கோலேட் என்ற உப்பு. அது வலுவான காரத்தன்மையில் முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தின் பிணைப்புகளைக் கரைத்து, முடியைக் கூழாக்கிவிடுகிறது. தோலும் கெரட்டினால் ஆனதுதான் என்பதால், எழுதியிருக்கும் நேரத்தைக் கடந்தால் தோலும் வேகும். முகத்துக்கென்று தனியாக விற்பதையே, காதுக்குப் பின் ஒருநாள் சோதித்த பிறகு, எப்போதாவது பயன்படுத்தலாம், தொடர்ந்து வேண்டாம். பிளீச் முடியை எடுப்பதில்லை, பொன்னிறமாக்குகிறது. வெள்ளைத் தோலில் மறைகிற பொன்னிற முடி நம் நிறத்தில் வெயிலில் மின்னும். குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசுவது, கஸ்தூரி மஞ்சள் தேய்த்துக் குளிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயற்றமாவும் மஞ்சளும் நாள்தோறும் தேய்ப்பதில் மெல்லிய முடிகள் சில உதிரலாம். ஹார்மோனால் தடித்த முடியின் வேரை மேலே பூசும் எந்த அரைப்பும் அழித்ததற்குத் தக்க சான்று இல்லை. ஒவ்வாமையால் முகம் சிவந்து வருபவர்களைப் பார்ப்பதால், குப்பைமேனியை முகத்தில் அரைத்துப் பூச வேண்டாம் என்றே சொல்வேன்.

லேசரைப் பற்றி மிகைப்படுத்தல் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நிறமியை மட்டும் சூடாக்கிச் சுற்றியுள்ள திசுவை விட்டுவிட முடியும் என்ற கொள்கையை 1983-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் வெளியிட்டார்கள். முடிக்கான லேசர், முடியில் உள்ள மெலனின் நிறமியைக் குறிவைத்து, அந்தச் சூட்டால் மயிர்க்காலைச் சேதப்படுத்துகிறது. மெலனின் நம் தோலிலும் இருக்கிறது என்பதே சிக்கல். மிக வெளிர்ந்த தோலிலிருந்து மிகக் கறுத்த தோல் வரை ஒன்று முதல் ஆறு எனப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் தோல்வகைகளில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தில் வருவார்கள். அலைநீளம் கூடினால் ஒளி தோலின் நிறமியை அதிகம் தீண்டாமல் ஆழம் செல்லும். அதனால் நமக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் என்ற லேசர் மிகவும் பாதுகாப்பானது, 800 முதல் 810 வரையிலான டையோடு லேசர் அனுபவமுள்ள கையில் நன்றாக வேலை செய்யும். ஐ.பி.எல். என்ற ஒளிக்கருவி லேசரே அல்ல. கறுத்த தோலில் தீக்காயமும் வெண்தழும்பும் விடுவது அதில் அதிகம். எந்தக் கருவி, எத்தனை நானோமீட்டர், கருவியைப் பிடிப்பவர் யார், முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

லேசரால் முடி நிரந்தரமாக ஒழியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த வாசகம் நிரந்தரக் குறைப்பு என்பதே: மீண்டும் முளைக்கும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலம் குறைந்து நிற்கும். வளர்ச்சிப் பருவத்தில் உள்ள முடியில்தான் அது வேலை செய்யும் என்பதால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறிலிருந்து எட்டு அமர்வுகள் தேவைப்படும். ஹார்மோன் கோளாறு இருப்பவர்களுக்கு இன்னும் கூடலாம், அதன் பின்னும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வேண்டியிருக்கும். பூனைமுடியிலும் நரைமுடியிலும் அது பயன் தராது. கறுத்த தோலும் ஹார்மோன் கோளாறும் உள்ள பெண்களில் சிலருக்கு, லேசர் பட்ட இடத்தைச் சுற்றி இருந்த பூனைமுடி தடித்து வளர்வதும் உண்டு. ஏன் என்பதற்கு முடிவான விளக்கம் இன்னும் இல்லை, ஆனால் நிகழ்வது உண்மை. நூல் போட்டால் முடி தடிக்கும் என்று அஞ்சுகிறவர்கள், பூனைமுடியைத் தடிக்கச் செய்யக்கூடிய முறை எதுவோ அதை முழு முகத்துக்கும் வாங்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். கறுத்த முடி உள்ள இடத்துக்கு மட்டும் லேசர் போதும். கன்னத்துப் பூனைமுடியை விட்டுவிடுங்கள். லேசருக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரம் அந்த இடத்தில் நூலோ மெழுகோ சாமணமோ படக்கூடாது, ஏனென்றால் வேரில் முடி இருந்தால்தான் ஒளிக்குக் குறி கிடைக்கும். ரேசர் மட்டும் அனுமதி.

உண்மையில் நிரந்தரம் என்று சொல்லத் தக்கது எலெக்ட்ராலிசிஸ் என்ற மின்பகுப்பு முறைதான். 1875-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்ல்ஸ் மிஷெல், கண்ணுக்குள் வளரும் இமை முடிகளை அழிக்கக் கையாண்ட வழி அது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுண்ணூசியை நுழைத்து மின்சாரம் செலுத்துவதால் நரைமுடிக்கும் உதவும். ஆனால் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும், வலிக்கும், திறமையற்ற கையில் குழித்தழும்பு விழும். லேசருக்குப் பின் எஞ்சும் ஐந்தாறு முடிகளுக்கு அது சிறந்தது. எஃப்ளோர்னிதின் 13.9 விழுக்காடு களிம்பு முடியை எடுக்காது, வளர்ச்சியை மெதுவாக்கும். நிறுத்திய இரண்டு மாதத்தில் பழையபடியாகும். உள்ளே சாப்பிடும் ஹார்மோன் மருந்துகள் பலன் காட்ட ஆறு மாதமாவது ஆகும். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும்போது கருத்தரித்தால் ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், திருமணம் நெருங்கியிருக்கும் உங்களிடம் மருத்துவர் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

இவற்றை வைத்து உங்கள் நான்கு மாதத்தை இப்படித் திட்டமிடலாம். புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் நூலைத் தொடருங்கள். திருமணத்துக்கு முன் கடைசியாகப் போவது மூன்று நான்கு நாள் முன்னதாக இருக்கட்டும், சிவப்பும் சிறு கொப்புளங்களும் அடங்க அந்த அவகாசம் போதும். மோவாயில் இன்றோடு நூலை நிறுத்தி ரேசருக்கு மாறுங்கள். அடுத்த மாதவிடாயில் இரத்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மோவாய்க்கு மட்டும் லேசரைத் தொடங்கினால் திருமணத்துக்குள் இரண்டு, அதிகம் போனால் மூன்று அமர்வு முடியும். கடைசி அமர்வுக்கும் மணநாளுக்கும் இடையே மூன்று வாரம் விடுங்கள். அதற்குள் முடி ஒழிந்துவிடாது, ஆனால் சவரம் செய்யும் இடைவெளி நீளும். மீதியைத் திருமணத்துக்குப் பின் தொடரலாம், கருவுற்றால் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். கடைசி மாதத்தில் முகத்துக்குப் புதிதாக எதையும், இலவசமாகக் கொடுத்தாலும், தொடங்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும் நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகத்து முடியைக் காட்ட வருகிற பெண்களில் பலர், கூச்சத்தால் முதல் நாளே பார்லருக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வழுவழுப்பான முகத்தோடு வந்து உட்கார்கிறார்கள். 1961-இல் ஃபெரிமன், கால்வே என்ற ஆய்வாளர்கள் வகுத்த அளவுகோலின் வழிவந்த முறையில், மேலுதடு தொடங்கித் தொடை வரை ஒன்பது இடங்களுக்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டுத்தான் முடியின் அளவைக் கணிக்கிறோம்; முடியே இல்லாத முகத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது? ஒரு வாரமாவது ரேசரையும் நூலையும் தொடாமல், வேண்டுமானால் முகக்கவசம் அணிந்துகொண்டு போங்கள். கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும், முகத்துக்குப் பூசும் டியூபுகள் அனைத்தையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.